பகுபதம் பிரிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கிலமும் பிரியும்: லத்தீன், கிரேக்க வேர்கள் வழியே சொல்வளம் பெருக்க ஒரு முழு வழிகாட்டி

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதாமல் தப்பித்தவர்கள் குறைவு. 'வந்தனன்' என்று கேட்டால் போதும். வா பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி என்று கடகடவென எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அதே மாணவர் ஆங்கிலத்தில் 'சர்க்கம்ஸ்பெக்ட்' என்ற சொல்லைப் பார்த்தால் அதை ஒரே கட்டியாக எடுத்து நான்கைந்து முறை உருப்போடுவார், மறுவாரம் மறந்துவிடுவார். பிரித்துப் பார்க்கும் பழக்கம் தமிழ் வகுப்போடு நின்றுபோய்விடுகிறது.

ஆங்கிலச் சொல்லுக்குள் பகுதி போல நிற்பவை லத்தீன், கிரேக்க வேர்கள். இணையத்தில் தேடினால் ஐந்நூறு வேர்கள், ஆயிரம் வேர்கள் என்று பட்டியல் பட்டியலாகக் கிடைக்கும். அவற்றை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. வேரைத் தனியாக மனப்பாடம் செய்வதும் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதும் ஒரே சுமைதான். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொற்களுக்குள்ளேயே வேர்கள் இருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து, தெரியாத சொல்லில் பொருத்திப் பார்க்க வேண்டும். போட்டித் தேர்வு எழுதுபவர், வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜிஆர்இ தேர்வு எழுதுபவர், நர்சிங் முதலாம் ஆண்டில் பாடப்புத்தகத்தைப் பார்த்து மிரள்பவர் என எல்லோருக்கும் இந்த வழி ஒத்துவரும்.

படி 1: எது பிரியும், எது பிரியாது

ஆங்கிலம் அடிப்படையில் ஜெர்மானிய மொழி. ஈட், ஸ்லீப், ஹவுஸ், மில்க், ஹேண்ட் போன்ற அன்றாடச் சொற்கள் அந்தப் பழைய இருப்பு. இவற்றைப் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவை, சட்டம், நிர்வாகம் எல்லாம் பிரெஞ்சுக்குப் போயின. பிரெஞ்சு லத்தீனின் பிள்ளை. அப்புறம் மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாகவே அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் பின் வந்த அறிவியலாளர்கள், புதிதாக எதைக் கண்டுபிடித்தாலும் அதே கிரேக்க, லத்தீன் துண்டுகளைச் சேர்த்தே பெயர் வைத்தார்கள்.

அதனால் ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் மூன்று அடுக்கு இருக்கிறது. தண்ணீர் என்றால் பேச்சில் வாட்டர், லத்தீனில் அக்வா, கிரேக்கத்தில் ஹைட்ரோ. மீன் தொட்டிக்கு அக்வேரியம், வாயுவுக்கு ஹைட்ரஜன். பல் என்றால் டூத், டென்ட், ஓடான்ட்: டூத்பிரஷ், டென்டல், ஆர்த்தோடான்டிஸ்ட். பாதம் என்றால் ஃபுட், பெட், போட்: ஃபுட்பால், பெடல், ட்ரைபாட். சின்னச் சொல் பேச்சுக்கு, நீளச் சொல் ஏட்டுக்கு என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். நீளமானவைதான் பிரியும்.

கிரேக்கச் சொல்லை எழுத்துக்கூட்டலிலேயே பிடித்துவிடலாம். 'ஃப' ஒலிக்கு எஃப் வராமல் பி-எச் வந்தால் பெரும்பாலும் கிரேக்கம்: ஃபோட்டோ, ஃபிலாசஃபி. சி-எச் என்று எழுதி 'க' என்று படித்தாலும் அப்படித்தான்: கெமிஸ்ட்ரி, கேரக்டர். சொல்லின் நடுவே ஒய் உட்கார்ந்திருந்தால் (சிஸ்டம், சிம்ப்டம்), முதலில் பி எழுதிவிட்டு அதை விழுங்கினால் (சைக்காலஜி), ஆர்-எச் என்று தொடங்கினால் (ரிதம், ருமாட்டிசம்) அதுவும் கிரேக்கமே. அமெரிக்காவில் நடக்கும் ஸ்கிரிப்ஸ் ஸ்பெல்லிங் பீ போட்டியில் குழந்தைகள் 'இது எந்த மொழிச் சொல்?' என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். விதி அதை அனுமதிக்கிறது. நேரம் கடத்துவதற்காக மட்டும் கேட்பதில்லை. கிரேக்கம் என்று பதில் வந்தால், எந்த எழுத்தைப் போடுவது என்ற சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: முன்னொட்டும் அதன் புணர்ச்சியும்

முதலில் முன்னொட்டுகளைப் பிடியுங்கள். எண்ணிக்கை குறைவு, பயன் அதிகம். லத்தீனிலிருந்து ரீ (மறுபடி, பின்னால்), ப்ரீ (முன்கூட்டி), ப்ரோ (முன்னோக்கி), எக்ஸ் (வெளியே), இன் (உள்ளே, அல்லது 'இல்லை'), சப் (கீழே), கான் (சேர்ந்து), டி (கீழ்நோக்கி, விலகி), இன்டர் (இடையே), ட்ரான்ஸ் (கடந்து), பெர் (ஊடாக), ஆட் (நோக்கி). கிரேக்கத்திலிருந்து ஆன்டி (எதிர்), சின் (சேர்ந்து), ஹைப்பர் (மிகுதி), ஹைப்போ (குறைவு, கீழே), பெரி (சுற்றி), ஏ அல்லது அன் (இல்லை). தொடக்கத்துக்கு இவை போதும்.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். முன்னொட்டு எப்போதும் தன் சொந்த முகத்தோடு வராது. தமிழில் நல் + நூல் சேர்ந்தால் நன்னூல் ஆகிறது. பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப முன்னால் நிற்பது மாறுகிறது. லத்தீனிலும் இதே கதைதான். 'இன்' என்பது பி-க்கு முன் 'இம்' ஆகும்: இம்பாசிபிள். எல்-க்கு முன் 'இல்': இல்லீகல். ஆர்-க்கு முன் 'இர்': இர்ரெகுலர். 'கான்' என்பது கொலாப்ரேட் என்பதில் 'கொல்', கரப்ட் என்பதில் 'கொர்'. 'சப்' என்பது சஃபர் என்பதில் 'சஃப்'. எல்லாவற்றிலும் மோசமான பச்சோந்தி 'ஆட்' தான். அட்மிட் போன்ற சில சொற்களில்தான் உண்மையான முகத்தைக் காட்டும். அக்செப்ட், அஃபெக்ட், அலொகேட், அசிஸ்ட், அட்ராக்ட் எல்லாவற்றிலும் அடுத்த எழுத்தாகவே மாறி ஒளிந்துகொள்ளும்.

இதைப் புரிந்துகொண்டால் எழுத்துப் பிழையும் குறையும். அகாமொடேஷன் என்ற சொல்லை லாட்ஜ் பலகையிலேயே தப்பாக எழுதியிருப்பார்கள். டபுள் சி, டபுள் எம் எங்கிருந்து வந்தன? ஆட் + காம் + மோட். ஆட் தன் டி-யைத் தொலைத்து சி ஆனதால் இரண்டு சி. காம் முடியும் எம்-மும் மோட் தொடங்கும் எம்-மும் சேர்ந்து இரண்டு எம். டிஸ்அப்பியர் என்பதில் ஒரு எஸ், இரண்டு பி. டிஸ்ஸாட்டிஸ்ஃபைடு என்பதில் இரண்டு எஸ். முதலாவது டிஸ் + அப்பியர், இரண்டாவது டிஸ் + சாட்டிஸ்ஃபைடு. உருப்போட இதில் எதுவுமே இல்லை.

படி 3: ஒரு வேரைப் பிடித்து முழுதாகத் தோண்டுங்கள்

பத்து வேரை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை அடிவரை பார்ப்பது மேல். 'ஸ்பெக்ட்' என்பதை எடுத்துக்கொள்வோம். பொருள்: பார். இன்ஸ்பெக்ட் என்றால் உள்ளே பார். ரெஸ்பெக்ட் என்றால் திரும்பிப் பார். கடந்து போனவரை இன்னொரு முறை திரும்பிப் பார்க்கத் தோன்றினால் அது மரியாதை. ப்ராஸ்பெக்ட் என்றால் முன்னே பார்ப்பது, வருங்கால வாய்ப்பு. ரெட்ரோஸ்பெக்ட், பின்னோக்கிப் பார்ப்பது. சஸ்பெக்ட் என்பதில் இருப்பது சப். கீழிருந்து ஓரக்கண்ணால் பார்ப்பது, அதாவது சந்தேகப்படுவது. எக்ஸ்பெக்ட் என்றால் வெளியே பார்த்தபடி இருப்பது, வாசலைப் பார்த்துக் காத்திருப்பவரைப் போல. எக்ஸ் என்ற எழுத்துக்குள்ளேயே எஸ் ஒலி இருப்பதால் வேரின் எஸ் விழுந்துவிட்டது. பெர்ஸ்பெக்டிவ், ஊடாகப் பார்க்கும் பார்வை. முதலில் சொன்ன சர்க்கம்ஸ்பெக்ட் இப்போது தானாகத் திறந்துகொள்ளும்: சர்க்கம் என்றால் சுற்றி. நாலா பக்கமும் பார்த்து நடப்பவர், முன்யோசனைக்காரர்.

இதே குடும்பத்தில் ஸ்பீஷீஸ் என்ற சொல்லும் உண்டு. கண்ணுக்குப் படும் தோற்றம் என்பதிலிருந்து 'வகை' என்ற பொருள் வந்தது. பிற்கால லத்தீனில் அது வகை வகையான சரக்குகளைக் குறித்து, பிரெஞ்சு வழியாக ஸ்பைஸ் ஆனது. நம் மிளகும் ஏலக்காயும் 'பார்' என்ற வேருக்குச் சொந்தம் என்று சொன்னால் நம்பச் சிரமம்தான், ஆனால் உண்மை.

அடுத்து, ஒரே வேர் ஏன் இரண்டு வடிவத்தில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் 'வா' என்ற பகுதி வருகிறான் என்பதில் ஒரு மாதிரி, வந்தான் என்பதில் ஒரு மாதிரி. லத்தீன் வினைக்கும் நிகழ்கால வடிவம் ஒன்று, முடிந்த செயலைக் காட்டும் எச்ச வடிவம் ஒன்று. ஆங்கிலம் இரண்டையும் வாங்கிக்கொண்டது. பெரும்பாலும் முதலாவதிலிருந்து வினைச்சொல், இரண்டாவதிலிருந்து பெயர்ச்சொல். மிட்/மிஸ் (அனுப்பு): பெர்மிட், பெர்மிஷன். ஸ்கிரைப்/ஸ்கிரிப்ட் (எழுது): டிஸ்கிரைப், டிஸ்கிரிப்ஷன். வெர்ட்/வெர்ஸ் (திருப்பு): கன்வெர்ட், கன்வெர்ஷன். பெல்/பல்ஸ் (தள்ளு): எக்ஸ்பெல், எக்ஸ்பல்ஷன். டியூஸ்/டக்ட் (நடத்திச் செல்): ரெட்யூஸ், ரெடக்ஷன். பெர்மிஷனில் ஏன் டபுள் எஸ், ரெடக்ஷனில் ஏன் சி-டி என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

சில வேர்களில் முன்னொட்டு சேர்ந்ததும் உயிரெழுத்தும் மாறும். உட்கார் என்பதற்கான செட் என்ற வேர், ப்ரீ சேர்ந்ததும் சிட் ஆகிவிடும். ப்ரெசிடென்ட் என்றால் முன்னே அமர்பவர். செய் என்ற பொருளுள்ள ஃபேக்ட், ஃபெக்ட் என்றும் ஃபிக் என்றும் மாறும்: ஃபேக்டரி, பெர்ஃபெக்ட், எஃபிஷியன்ட். இலக்கண நடையில் சொன்னால் விகாரம். பயப்பட ஒன்றுமில்லை.

படி 4: நமக்கு ஏற்கெனவே பாதி தெரியும்

1786 பிப்ரவரி 2ஆம் தேதி கல்கத்தாவில் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் ஏஷியாட்டிக் சொசைட்டியில் ஓர் உரை ஆற்றினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ் அந்தக் குடும்பம் இல்லை. ஆனால் சமஸ்கிருதத்திலிருந்து நாம் வாங்கிப் புழங்கும் சொற்கள் அந்தக் குடும்பம். அதனால் லத்தீன் வேர் பலவற்றுக்கு நம் வாயிலேயே ஒரு கொக்கி இருக்கிறது.

வாகனம், வெஹிகிள். அக்னி, இக்னிஷன், பைக் சாவியைத் திருகும்போதெல்லாம் நினைவுக்கு வரட்டும். மரணம், மார்ச்சுவரி. நாமம், நாமினேட். சர்ப்பம், செர்ப்பன்ட். நவீனம், இன்னோவேஷன். மத்தியம், மீடியம். ஞானம், டயக்னோசிஸ் என்பதில் உள்ள க்னோ. காவிரியில் கரைக்கும் அஸ்திதான் ஆஸ்டியோபோரோசிஸ் என்பதில் உள்ள ஆஸ்டியோ, இரண்டும் எலும்பு. மாதப் பெயர்களைப் பாருங்கள்: சப்தமி-செப்டம்பர், அஷ்டமி-அக்டோபர், நவமி-நவம்பர், தசமி-டிசம்பர். ரோமர்களின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழாவது மாதம். ஆண்டின் தொடக்கம் ஜனவரிக்கு நகர்ந்த பிறகும் பெயர்கள் அப்படியே தங்கிவிட்டன.

'இல்லை' என்பதைச் சொல்லும் முன்னொட்டும் பொதுச்சொத்துதான். அநியாயம் என்றால் அ + நியாயம். அநாவசியம் என்றால் அன் + அவசியம். மெய்யெழுத்துக்கு முன் அ, உயிருக்கு முன் அன். கிரேக்கத்தில் அச்சு அசலாக இதே விதி: ஏதீஸ்ட் என்பதில் ஏ, அனார்க்கி என்பதில் அன்.

ஒலி மாற்றத்துக்கும் ஒழுங்கு உண்டு. லத்தீனில் பி என்றால் ஆங்கிலத்தின் ஜெர்மானியச் சொல்லில் எஃப். டி-க்குப் பதில் பல்லை உரசும் 'த்'. டென்டல் என்பதன் தொடக்கத்தில் மென்மையாக ஒலிக்கும் 'ட', டூத் என்பதில் உள்ள வல்லோசை 'ட' ஆகும். பிதா, லத்தீனில் பாட்டர், ஆங்கிலத்தில் ஃபாதர். பாதம், பெட், ஃபுட். தந்தம், டென்ட், டூத். இந்த மாற்றங்களை 1822இல் முறைப்படுத்தி எழுதியவர் யாக்கோப் கிரிம். ஆம், தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காதுக்கு ஒத்தாற்போல் இருக்கும் எதையும் சேர்த்துவிடாதீர்கள். டீயிட்டி (தெய்வம்) என்பதில் உள்ள வேர் நம் 'தேவ'னுக்கு உறவு. தியாலஜி (இறையியல்) என்பதில் உள்ள கிரேக்க தியோஸ் உறவே இல்லை. ஆங்கிலம் முழுக்கத் தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸாப்பில் சுற்றுபவற்றையும் ஒதுக்குங்கள். கட்டுமரம் கேட்டமரான் ஆனதும், சுருட்டு செரூட் ஆனதும், மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆனதும் உண்மை. பெருமைப்பட அவை போதும்.

படி 5: கிரேக்கம் படிக்க மருத்துவமனைக்குப் போங்கள்

கிரேக்கத்தின் பலம் தொகைச்சொல். இரண்டு மூன்று வேர்களை அடுக்கி, நடுவே ஒரு 'ஓ' போட்டு ஒட்டிவிடும். இதற்கு நல்ல பாடப்புத்தகம் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் லிஃப்ட் அருகே மாட்டியிருக்கும் துறைப் பலகை. கார்டியாலஜி: கார்டி இதயம், லஜி இயல். நெஃப்ராலஜி: நெஃப்ர் சிறுநீரகம். கேஸ்ட்ரோஎன்டராலஜி: கேஸ்ட்ர் இரைப்பை, என்டர் குடல். ஆஃப்தால்மாலஜி: கண். ஆர்த்தோபீடிக்ஸ் என்பதில் ஒரு கதை இருக்கிறது. ஆர்த்தோ நேரான, பீட் குழந்தை. 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆன்ட்ரி, குழந்தைகளின் உடல் கோணல்களை நேராக்கும் கலைக்கு வைத்த பெயர் அது. இன்று எழுபது வயது மூட்டுவலிக்காரரும் அந்த வாசலில்தான் காத்திருக்கிறார்.

மருத்துவச் சொல்லைக் கடைசியிலிருந்து படியுங்கள். ஹைப்போகிளைசீமியா: ஈமியா இரத்தத்தில், கிளைஸ் சர்க்கரை, ஹைப்போ குறைவு. முடிவில் ஐட்டிஸ் இருந்தால் அழற்சி: ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி. அல்ஜியா வலி. ஸ்கோப்பி உள்ளே பார்ப்பது. கிராம் என்றால் பதிவு, கிராஃபி என்றால் பதிவு எடுக்கும் முறை. அறுவை சிகிச்சையில் மூன்று சொற்கள் குழப்பும்: ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது, எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுப்பது, ஆஸ்டமி என்றால் வாய் போலத் திறப்பு வைப்பது. முதல் இரண்டிலும் உள்ள டாம் 'வெட்டு'. வெட்ட முடியாதது என்பதால்தான் ஆட்டம் என்று அணுவுக்குப் பெயர்.

நர்சிங் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சிறுநீரகத்துக்கு ஏன் ரீனல் என்றும் நெஃப்ரோ என்றும் இரண்டு பெயர்? பொதுவாக, உடலுறுப்பைச் சுட்டும்போது லத்தீன், நோயையும் சிகிச்சையையும் துறையையும் சொல்லும்போது கிரேக்கம். ரீனல் ஆர்ட்டரி, ஆனால் நெஃப்ரைட்டிஸ். பல்மனரி ஆர்ட்டரி, ஆனால் நிமோனியா. விதிவிலக்கு இருக்கும், ஆனாலும் பாதிக் குழப்பம் தீரும்.

நாஸ்டால்ஜியா கூட மருத்துவர்கள் பெற்ற பிள்ளைதான். 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற ஸ்விஸ் மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தால் வரும் நோய்க்கு வீடு திரும்பல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி இதை உருவாக்கினார்.

படி 6: காலை வாரும் இடங்கள்

லத்தீன் பெட் பாதம், கிரேக்க பீட் குழந்தை. பெடஸ்ட்ரியன் நடப்பவர், பீடியாட்ரிக்ஸ் குழந்தை மருத்துவம். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் குழந்தைக்கு ஒரு ஏ கூடுதலாக வரும், அதைப் பார்த்துப் பிரித்தறியலாம். கிரேக்க ஹோமோ 'ஒரே மாதிரி'. ஹோமோ சேப்பியன்ஸ் என்பதில் உள்ள லத்தீன் ஹோமோ 'மனிதன்'. இன் என்றாலே இல்லை என்று நினைத்தால் ஆபத்து: டேங்கர் லாரியின் பின்னால் இன்ஃபிளேமபிள் என்று எழுதியிருந்தால் அது தீப்பிடிக்கும் சரக்கு.

பொருள் நகர்ந்துபோன சொற்களும் உண்டு. மேனுஃபேக்சர் என்றால் வேரில் 'கையால் செய்தல்', இன்று இயந்திரம் செய்வது. கேண்டிடேட் என்பதன் வேர் 'வெள்ளை'. ரோமில் தேர்தலில் நிற்பவர் வெளுத்த அங்கி அணிந்து வாக்குக் கேட்டார். நம் ஊர் வேட்பாளரின் வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்தால் இது ஒருநாளும் மறக்காது.

பிரியாததைப் பிரிப்பது இன்னொரு பிழை. அங்கிள் என்பதில் 'அன்' இல்லை, மங்கி என்பதில் 'மோனோ' இல்லை. ஐலண்ட் என்பதில் உச்சரிக்காத எஸ் இருப்பதற்குக் காரணம், அது லத்தீன் இன்சுலாவிலிருந்து வந்தது என்று நினைத்து யாரோ தவறாக நுழைத்ததுதான். படித்தவர்களே சறுக்கிய இடம் அது.

படி 7: நோட்டுப் புத்தகம்

பின்னொட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஷன், இட்டி என முடிந்தால் பெயர்ச்சொல். இவ், அஸ், அல் என முடிந்தால் பெரும்பாலும் பெயரடை. ஃபை, ஐஸ் என முடிந்தால் வினை. படிக்கப் படிக்கத் தானே படியும்.

ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே வேரையும் அதன் இரண்டு வடிவங்களையும் எழுதி, அகராதியைத் திறக்காமல் உங்களுக்குத் தெரிந்த சொற்களை எழுதுங்கள். போர்ட் (சுமந்து செல்) என்றால் இம்போர்ட், எக்ஸ்போர்ட், ட்ரான்ஸ்போர்ட், சப்போர்ட் என ஐந்தாறு தானாக வரும். பக்கத்தின் மீதியைக் காலியாக விடுங்கள். நாளிதழின் தலையங்கத்தில் புதிதாக ஒன்று அகப்பட்டால் அங்கே சேர்த்து, அது வந்த வாக்கியத்தையும் அப்படியே எழுதுங்கள். வாக்கியம் இல்லாத சொல் தங்காது.

புதுச் சொல்லைக் கண்டதும் முதலில் பிரித்து, பொருளை ஊகித்து, பென்சிலில் எழுதுங்கள். அதற்குப் பிறகே அகராதி. ஏவுகணையை 'இன்டர்செப்ட்' செய்தார்கள் என்று படித்தால் இன்டர் இடையே, செப்ட் பிடி, ஆக வழியிலேயே மறித்துப் பிடித்தல். ஊகம் சரி. ப்ரிவென்ட் என்றால் முன்னே + வா; 'முன்னால் வருவது' என்று மட்டும் ஊகித்து நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள், முந்திக்கொண்டு தடுப்பது என்பது அகராதியைப் பார்த்தால்தான் தெரியும். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் பல சொற்களுக்குச் சொல்வரலாறு தருகிறார்கள். எடிம்ஆன்லைன் தளம் முழுக்க அதற்காகவே இருக்கிறது, காசும் கேட்பதில்லை.

வாரத்துக்கு இரண்டு வேர் போதும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஸ்பெக்ட், போர்ட், மிட், ஸ்கிரைப், டிக்ட் (சொல்), டக்ட், வெர்ட், செப்ட், ஃபேக்ட், ட்ராக்ட் (இழு) என்ற பத்தில் தொடங்கி, அவை கைக்கு வந்த பிறகு கிரேக்கத்துக்குப் போகலாம். நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் மாணவர்கள் இந்த வரிசையைப் புரட்டிப் போடுங்கள்: முதலில் ஐட்டிஸ், ஈமியா, எக்டமி போன்ற முடிவுகள், அடுத்து உறுப்புகளின் கிரேக்கப் பெயர்கள், லத்தீன் வினைகளை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.